பளபளத்த சாட்சி

அத்தியாயம் பதினொன்று

"பிரேக்... பிரேக்... பிரேக்!"

"அம்மா, சிக்னல் பச்சை!"

"பச்சைதான். ஆனா அந்தச் சைக்கிள்காரர் மூஞ்சியைப் பாரு. அவருக்குப் பச்சையும் ஒண்ணுதான், சிவப்பும் ஒண்ணுதான்."

சைக்கிள்காரர் அந்த நேரம் பார்த்து, கையும் காட்டாமல் திரும்பியும் பார்க்காமல் காருக்குக் குறுக்கே சாவகாசமாகப் போனார். மகள் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டாள். டீச்சர் ஜெயித்த முகத்தோடு, தன் காலடியில் இல்லாத பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தாள். எடுக்கும்போது இடுப்பில் சுருக்கென்றது. மகள் பார்த்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

பார்த்தால் அந்தப் பேச்சை எடுத்துவிடுவாள்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். அந்தப் பக்கத்தில் அவளிடம் திட்டு வாங்காமல் லைசென்ஸ் வாங்கியவர்கள் குறைவு. கணவர் இறந்த பிறகு மகளைப் படிக்க வைத்ததும், வீட்டு வாடகை கட்டியதும், கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து சரியான நேரத்தில் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்த அந்தக் கால்தான்.

அவளுக்கு இடுப்பின் இரண்டு பக்கமும் செயற்கை மூட்டு. ஒரே கம்பெனி, ஒரே தயாரிப்பு. ஒரு உலோகக் கிண்ணம், அதற்குள் சுழல ஒரு உலோகப் பந்து. ஆயுசுக்கும் உழைக்கும் என்றுதான் சொல்லிப் பொருத்தினார்கள். சில வருஷத்தில் இடது பக்கம் நடக்கும்போது கதவுக்கீல் மாதிரி கிறீச்சிட ஆரம்பித்தது. பாடம் படிக்க வந்தவர்கள், "டீச்சர், வண்டிக்கு கிரீஸ் போடணும்" என்று சொன்னபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் வலி வந்தது. ரத்தத்தில் உலோகம் கலந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தது. திறந்து பார்த்தால் மூட்டைச் சுற்றியிருந்த சதை கறுத்துப் போயிருந்தது. அதை எடுத்துவிட்டு வேறு மூட்டு வைத்தார்கள்.

எடுத்த மூட்டை வாங்கிப் போக, ஆபரேஷன் அறை வாசலில் கம்பெனி ஆள் பையோடு காத்திருந்ததும், "எங்கம்மா உடம்புல இருந்தது எங்களுக்குத்தான்" என்று மகள் மல்லுக்கு நின்று, மருந்துத் தண்ணீரில் போட்டிருந்த பாட்டிலோடு அதைப் பறித்துக்கொண்டு வந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது.

வழக்குப் போட்டாயிற்று. கம்பெனி சொல்வது ஒன்றுதான்: கருவியில் குறையே இல்லை, டாக்டர் பொருத்திய விதத்தில் குறை, இல்லாவிட்டால் இந்த அம்மா ஆடிய ஆட்டத்தில் குறை. யார் சொல்வது நிஜம் என்பது அந்தப் பந்தின் மேல் இருக்கும் தேய்மானத்தில் தெரிந்துவிடும். இன்று பிற்பகல் பரிசோதனைக்கூடத்தில், இரண்டு தரப்பும் முன்னால் இருக்க, அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

"நேத்தே லேப்ல குடுத்திருக்கலாம். வக்கீலம்மா எத்தனை தடவை சொன்னாங்க," என்றாள் மகள்.

"ஒரு தடவை கம்பெனிக்காரன் கைக்குப் போக இருந்தது. இன்னொரு தடவை யார் கைக்கும் போகக் கூடாது. தம்பியோட இரும்புப் பெட்டியைவிடப் பத்திரமான இடம் எது? நேரா பார்த்து ஓட்டு."

"சரி, அதை விடு. டாக்டர் மறுபடி போன் பண்ணினார். வலது பக்கம்..."

"இடது பக்கம் இண்டிகேட்டர் போடு."

அந்தப் பேச்சு இதுதான். வலது இடுப்பில் இன்னும் அதே கம்பெனி மூட்டுதான் இருக்கிறது. அதையும் எடுத்தாக வேண்டும், ரத்த ரிப்போர்ட் வரவர மோசமாகிறது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டார். டீச்சர் பிடி கொடுக்கவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவுமில்லை. வலது கால் பிரேக் கால். இடது பக்கம் ஆபரேஷன் முடிந்து, அந்தக் கால் சொன்ன பேச்சைக் கேட்கவே மாதக் கணக்கில் ஆயிற்று. வலது கால் ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதித்தாலும், ஊரார் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் அந்த இருக்கையில் உட்கார முடியாது. உட்காராத டீச்சர் யார்? அவளுக்கு அதை நினைக்கவே பயமாக இருந்தது.

கார் தம்பியின் பட்டறை வாசலில் நின்றது.

* * *

தம்பியை அந்தத் தெருவில் 'பளபளா' என்றால்தான் தெரியும். உலோகத்துக்குப் பாலிஷ் போடுகிற பட்டறை அவனுடையது. சுழலும் துணிச் சக்கரங்கள், மெழுகுக் கட்டிகள், எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் கறுப்புப் பொடி. கதவுக் கைப்பிடி, குழாய், பாண்டு வாத்தியக்காரர்களின் ஊதுகுழல், பள்ளிக்கூடங்களின் பரிசுக் கோப்பை என்று எது உள்ளே போனாலும் கண்ணைப் பறிக்கிற மாதிரி வெளியே வரும். அழுக்கோடு ஒரு பொருளைப் பார்த்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் வீட்டு விருந்தில் கரண்டியைச் சட்டை நுனியில் துடைத்து அக்காவிடம் கிள்ளு வாங்குகிறவன்.

இன்று அவன் புதுச் சட்டை போட்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அக்கா, கண்ணை மூடு."

"எதுக்குடா? நேரமாகுது, பாட்டிலை எடு."

"மூடேன் ஒரு நிமிஷம்."

மூடினாள். ஏதோ ஒரு பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"இப்பப் பாரு."

பரிசுக் கோப்பைகள் வைத்துக் கொடுக்கும் பெட்டி அது. உள்ளே நீல வெல்வெட் துணி. அதன் நடுவில் பந்தும் கிண்ணமும் ஜோடியாக உட்கார்ந்திருந்தன. பந்தில் பட்டறை முழுக்கத் தெரிந்தது. சக்கரம் தெரிந்தது, வாசல் தெரிந்தது, வாசலில் நின்ற கார் தெரிந்தது. நடுவில் சின்னதாக, வாயைப் பிளந்துகொண்டு, டீச்சர் தெரிந்தாள்.

மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதே பிழைப்பு. பந்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

"ஒரு கீறல்கூட இல்ல..." என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எப்படி இருக்கும்? மூணு சக்கரம் மாத்தினேன்," என்றான் பளபளா. "பந்து ஈஸி. கிண்ணத்தோட உள்பக்கம்தான் உயிரை வாங்கிடுச்சு. விரல்ல துணி சுத்திக் கையாலேயே தேச்சேன். எவ்வளவு கறுப்பு, எவ்வளவு கோடுங்கறே!"

"மாமா, பாட்டில்ல ஒரு தண்ணி இருந்துச்சே?"

"அந்த நாத்தத்தை யாரு வச்சிருப்பா? ஊத்திட்டேன்."

மகள் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, அந்தக் கறுப்பும் கோடும்தான் மாமா கேஸே! அம்மா பட்ட கஷ்டத்துக்கு இருந்த ஒரே சாட்சி அது. துடைச்சு வச்சிட்டீங்களே! கம்பெனிக்காரன் பண்ண வேண்டியதை நீங்களே பண்ணி, வெல்வெட்ல வச்சுக் குடுத்துட்டீங்களே!"

பளபளாவுக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. உறைத்தபோது பேயறைந்தவன் போல அக்காவைப் பார்த்தான்.

"நாலு பேர் முன்னாடி வைக்கப்போற பொருள், பத்திரமா வச்சுக்கோன்னு நீதானேக்கா சொன்னே? கோட்டு போட்டவங்கல்லாம் சுத்தி நின்னு, என் அக்கா உடம்புல இருந்ததை மூக்கைப் பொத்திக்கிட்டுப் பார்க்கறதான்னு... எனக்கு மனசு கேக்கலக்கா."

டீச்சருக்கு அவனை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடும்பத்துக்குள் வைத்தால்தான் பத்திரம் என்று அடம் பிடித்தது யார்? தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது யார்? உலகத்தில் இருக்கிற எல்லாரிடமும் ஒப்படைத்திருக்கலாம், பளபளாவைத் தவிர.

"அக்கா," அவன் குரலைத் தாழ்த்தினான். "உப்புத்தாள் இருக்கு. மறுபடி கோடு போட்டுடவா? பழைய மாதிரியே அழுக்காக்கித் தர்றேன். எனக்கு ஞாபகம் இருக்கு, எங்கெங்கே கோடு இருந்துச்சுன்னு."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. டீச்சருக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. அந்தக் கோடுகள் நிஜமாக இருந்தவைதானே? இருந்ததை இருந்த இடத்தில் வைத்தால் பொய்யாகுமா?

"ஆகும்," என்றாள் வாய்விட்டே. "நாம பொய்ன்னு ஆரம்பிச்சா, அவங்க நம்மளைவிடக் கெட்டிக்காரங்க. பெட்டியை மூடுடா. நீயும் வண்டியில ஏறு."

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு "ஐயோ."

"அப்படியே கொண்டு வாங்க," என்றாள் வக்கீலம்மா. "என்ன நடந்துச்சோ அதை உங்க தம்பி வாயாலேயே சொல்லட்டும். ஆனா டீச்சர், மனசைத் தயார் பண்ணிக்குங்க. இது இல்லாம நம்ம கேஸ் நொண்டித்தான் நடக்கும்."

"நொண்டறது எனக்குப் பழக்கம்தான். வந்துட்டிருக்கோம்."

* * *

பரிசோதனைக்கூடத்தில் ஏ.சி. பல்லைக் கிட்டவைத்தது. நீள மேஜை, வெள்ளை விரிப்பு, தயாராக நுண்ணோக்கி. மேஜைக்கு அந்தப் பக்கம் கம்பெனி வக்கீல், தேன் தடவின குரல்காரர். அவருக்குப் பக்கத்தில் கம்பெனியின் நிபுணர், தலை நரைத்த ஒல்லி மனிதர். வந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை.

பெட்டியைத் திறந்ததும் கம்பெனி வக்கீல் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொள்ள மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுதான் தேஞ்சுபோன மூட்டுங்களா?"

"நான்தாங்க பண்ணினேன்," என்று பளபளா எழுந்து நின்றான். இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். ரேகையெல்லாம் கறுப்பு. "பாலிஷ் போடறதுதான் என் தொழில். அக்காவுக்குத் தெரியாது. தப்பு என்னோடது. எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

"உங்க பாசம் புரியுதுங்க," என்றார் கம்பெனி வக்கீல். "ஆனா கோர்ட்டுக்குப் பாசம் தெரியாதே. பரிசோதனைக்கு முதல் நாள் சாட்சியைத் துடைச்சிருக்கீங்க. அதுல எங்களுக்குச் சாதகமா என்ன இருந்துச்சோ, யாரு கண்டா? இதை வச்சே வழக்கைத் தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேக்கப் போறோம். வேண்டாம்னா, நீங்களே வாபஸ் வாங்கிக்குங்க. நாங்களும் பெருந்தன்மையா நடந்துக்கறோம்."

"டாக்டரோட ஆபரேஷன் குறிப்பு இருக்கு, ரத்த ரிப்போர்ட் இருக்கு," என்றாள் வக்கீலம்மா.

"இருக்கட்டுங்க. சதை கறுத்ததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். தேய்மானம் எங்கே?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பளபளா நின்ற இடத்திலேயே நின்றான். உட்காரச் சொல்லவும் ஆளில்லை.

டீச்சர் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிறீச்சென்ற சத்தம், படி ஏற முடியாமல் உட்கார்ந்த நாட்கள், தூங்காமல் விடிந்த பொழுதுகள், ஒன்றுக்கும் அதில் அடையாளம் இல்லை. வலித்ததே பொய் என்று சொல்வது போல அது ஜொலித்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கோபம்தான் வந்தது. இவர்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டு பேசப் பிடிக்காமல், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

வலது இடுப்பில் சுருக்கென்றது.

இந்த முறை அவள் பல்லைக் கடிக்கவில்லை. கை தானாக அங்கே போயிற்று. போன இடத்திலேயே நின்றது.

"இது இடது பக்கத்து மூட்டுங்க," என்றாள்.

"தெரியுமே," என்றார் கம்பெனி வக்கீல்.

"வலது பக்கத்துது இங்கே இருக்கு." இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "உங்க கம்பெனிதான். அதே தயாரிப்பு. அதே வருஷம். இதுக்கு யாரும் பாலிஷ் போடல."

நரைத்த நிபுணர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"அது... அது நல்லாத்தானே வேலை செஞ்சுக்கிட்டிருக்கு?" கம்பெனி வக்கீலின் குரலில் தேன் கொஞ்சம் வற்றியிருந்தது.

"நீங்க வேணா ஒரு நாள் வச்சுக்கிட்டு நடந்து பாருங்க. எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்லி எத்தனையோ நாளாச்சு."

"அம்மா!" மகள் அவள் கையைப் பிடித்தாள். "கேஸுக்காக வேண்டாம்மா. தோத்தா தோத்துட்டுப் போறோம். இதுக்காக நீ கத்திக்குப் படுக்க வேண்டாம்."

"நீதானேடி தினமும் கெஞ்சினே?"

"அது உனக்காக!"

"இதுவும் எனக்காகத்தான்." டீச்சர் மகள் பக்கம் திரும்பினாள். மற்றவர்கள் இருப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. "பிரேக் கால்டி இது. இது போச்சுன்னா நான் எதுக்கு ஆவேன்னு பயந்துக்கிட்டு ஒளிச்சு வச்சிருந்தேன். இப்பவும் பயம்தான். ஆனா கேஸ் இருந்தாலும் இல்லேன்னாலும் இதை எடுத்தே ஆகணும். அதை ஒத்துக்காம இருந்தது நான் ஒருத்திதான்."

மகள் கையை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது.

டீச்சர் கம்பெனி வக்கீலைப் பார்த்தாள். புதிதாக ஸ்டீயரிங் பிடிக்கும் ஆளிடம் பேசுகிற குரல் அவளுக்குத் திரும்ப வந்துவிட்டது.

"நல்லாக் கேட்டுக்குங்க, ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன். எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, எடுத்த உடனே ஒரு போட்டோ. டாக்டர் கையிலேர்ந்து நேரா பாட்டில். பாட்டிலுக்கு அங்கேயே சீல். வாசல்ல உங்க ஆள் ஒருத்தர், எங்க ஆள் ஒருத்தர், கோர்ட் அனுப்பற ஆள் ஒருத்தர். அங்கேர்ந்து நேரா இந்த மேஜை. நடுவுல யார் வீட்டுக்கும் போகாது." கொஞ்சம் நிறுத்தினாள். "என் தம்பி வீட்டுக்குக் கண்டிப்பாப் போகாது."

வக்கீலம்மா அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தாள். "இதையே மனுவாப் போடறேன். உங்க தரப்புக்கு ஆட்சேபணை உண்டா?" என்று நிமிராமலே கேட்டாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். போன வேகம் வந்த வேகத்தைவிட அதிகம்.

* * *

படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து டீச்சர் இறங்கினாள். பளபளா இரண்டு படி பின்னால் வந்தான், கிட்டே வரத் தைரியம் இல்லாமல்.

"டேய்."

"சொல்லுக்கா."

"ஆபரேஷன் அன்னிக்கு வாசல்ல நம்ம ஆளா நீதான் நிக்கறே."

"நானா?" அவன் கண் நிறைந்துவிட்டது.

"நீதான். கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். துணி, மெழுகு எதையாவது சட்டைப் பையில பார்த்தேன், அப்புறம் நடக்கறதே வேற."

அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். கன்னத்தில் கறுப்புக் கோடு விழுந்தது.

"மேடம்..."

மேலேயிருந்து அவசரமாக இறங்கி வந்தது அந்த நரைத்த நிபுணர். வாய் பேசாதவர் என்று நினைத்திருந்த மனிதர். ஒரு தடவை மாடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆபரேஷன் எப்பங்க?"

"டாக்டரைக் கேக்கணும்," என்றாள் டீச்சர் ஜாக்கிரதையாக. கம்பெனி ஆள் ஆயிற்றே.

"தள்ளிப் போடாதீங்க. வண்டி ஓட்டறதுன்னா இப்பவே நிறுத்திடுங்க, படி ஏறாதீங்க. அது தாங்கற வரைக்கும் தாங்கும். சொல்லிட்டு உடையாது."

மாடியில் கம்பெனி வக்கீலின் குரல் அவரைத் தேடியது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல மேலே ஏறிப் போய்விட்டார்.

மூவரும் காரில் ஏறினார்கள். மகள் சாவியைப் போட்டாள், ஆனால் திருகவில்லை.

"அம்மா, உடையும்னு அவருக்கு எப்படித் தெரியும்? நமக்குத் தேஞ்சுதானே போச்சு? உடையும்னு டாக்டர்கூடச் சொல்லலியே."

"எங்கேயோ உடைஞ்சதைப் பார்த்திருக்கார்," என்றாள் டீச்சர். "ஒண்ணா, ஒன்பதாங்கறதுதான் தெரியணும். வண்டியை எடு."

கார் கிளம்பியது. முதல் சிக்னல் வந்தது. மகள் ஓரக்கண்ணால் பார்த்தாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு லாரி ஒட்டி உரசுகிற மாதிரி முந்திப் போயிற்று. அப்போதும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வலது தொடையைத் தாங்கிப் பிடித்தபடி, காலை அசைக்காமல் நீட்டி வைத்திருந்தாள்.

"ஏம்மா பிரேக்கே போடாம வர்றே? பயமா இருக்கு, ஏதாவது திட்டேன்."

"இனிமே நீயே போட்டுக்கோ," என்றாள் டீச்சர். "சாட்சியை ஆட்டக் கூடாது."

பிறகு போனை எடுத்து, இத்தனை நாளும் எடுக்காமல் விட்ட அந்த எண்ணைத் தானே அழுத்தினாள்.

"டாக்டர், நான் டீச்சர் பேசறேன். வலது பக்கத்துக்கு நாள் சொல்லுங்க."